சத்தமில்லாத வணக்கம்

அக்கா,

அன்று மருத்துவமனையில் நீங்கள் கேட்டபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: ஓவியா பள்ளிக்கு வருவது நின்றுபோயிருந்தது. "புள்ள வராளா?" என்று கேட்டீர்கள். "வரா க்கா" என்றேன். நீங்கள் கேட்காமலேயே "நல்லாத்தான் இருக்கா" என்றும் சேர்த்துக்கொண்டேன். உங்கள் புறங்கையில் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னதால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இன்று விளையாட்டுப் போட்டிக்கான கொடிகளைத் தேடிப் பொருளறையைத் திறந்தேன். அலமாரிக்கு அடியில் ஓர் அரிசிச் சாக்கு கிடந்தது. அவிழ்த்தால் டென்னிஸ் பந்துகள். ஒவ்வொன்றிலும் கத்தியால் போட்ட குறுக்குக் கீறல். பழைய ரப்பரும் ஈரமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கொடிகளை மறந்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாத சேதி எனக்குள்ளே இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆகவே எழுதுகிறேன்.

அந்தப் பந்துகளை ஆயர் குரோவில் ஒரு டென்னிஸ் திடலைக் காவல் காக்கும் ஜாகாவிடம் சொல்லிவைத்து வாங்கினீர்கள். காலையில் புக்கிட் காத்திலில் என் வீட்டு வாசலில் என்னை ஏற்றிக்கொள்ள வந்தபோது உங்கள் காரின் பின்னிருக்கை முழுக்கப் பந்துகள். வளைவுகளில் அவை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருண்டன.

"என்னக்கா, டென்னிஸ் வெளையாடப் போறீங்களா, இந்த முட்டிய வெச்சிக்கிட்டு?"

"நான் இல்லம்மா. நாற்காலிங்க வெளையாடப் போவுது."

பள்ளிக்குப் போனதும் உங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒவ்வொரு நாற்காலிக் காலுக்கும் ஒரு பந்தை மாட்டினீர்கள். நானும் உட்கார்ந்து மாட்டினேன். எதற்கென்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. வேலை முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துக் காட்டினீர்கள். சிமெண்டுத் தரையில் சத்தமே வரவில்லை.

எல்லாம் ஓவியாவுக்காகத்தான். அவள் நம் பள்ளிக்கு வந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வருகின்றன. புலாவ் செபாங் பக்கம் இருக்கும் நம் பள்ளிக்கு ஒரு புறம் ரயில் தண்டவாளம், மறுபுறம் செம்பனைத் தோட்டம். தோட்டத்து ஆட்கள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்ட பிறகு நம் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆண்டு முடிவில் தலைமையாசிரியர் புதுப் புத்தகப் பைகளைக் காரில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். எந்த வீட்டு வாசலில் சின்னச் செருப்பு கிடக்கிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். அப்படித் தட்டிய ஒரு வீட்டில்தான் ஓவியா இருந்தாள். பாலர் பள்ளியில் "உங்க புள்ள அடங்க மாட்டேங்குது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். தலைமையாசிரியர் அதையெல்லாம் கேட்கவில்லை. பெயரைப் பதிந்துகொண்டு பையைக் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு தலை கூடியது.

முதலாம் ஆண்டு முழுவதையும் அவள் கேண்டீன் பெஞ்சில் கழித்தாள். கேண்டீன் அக்கா கொடுக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். வகுப்புக்குள் அவளால் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு பாடவேளைக்கும் ஆசிரியர் மாறுவார், மாறும்போதெல்லாம் நாற்காலிகள் தரையில் கிறீச்சிட, எல்லாரும் எழுந்து, ஒரே குரலில், கூரைத் தகரம் அதிர "வணக்கம் ஆசிரியை!" நம் பள்ளிகளில் அதைவிடப் பெருமையாக வேறு எதைப் பழக்குகிறோம்? ஓவியா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் அலறுவாள்.

அவள் இரண்டாம் ஆண்டுக்கு உங்களிடம் வந்தாள். கொஞ்ச நாள் நீங்கள் அவளுக்கு எதுவுமே சொல்லித்தரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பிறகு ஒரு நாள் வீடு திரும்பும் வழியில், சாலை விளக்குச் சிவப்பில் நின்றபோது சொன்னீர்கள்: "புள்ளைக்குப் பாடம் கஷ்டமில்லம்மா. வணக்கந்தான் கஷ்டம்."

என்ன செய்யலாம் என்று வகுப்பையே கேட்டீர்கள். தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் என் மூன்றாம் ஆண்டு. எல்லாம் கேட்கும். வாயாடி ஷர்மிளாதான் முதலில் எழுந்தாள்.

"டீச்சர், சாமி கும்பிடற மாதிரி சத்தம் போடாம கும்பிட்டா?"

"நான் என்ன சாமியாடி?"

"சாமி மாதிரிதான டீச்சர் கோவம் வருது உங்களுக்கு."

வகுப்பு சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து இரண்டாம் ஆண்டில் யாரும் எழுவதில்லை. ஆசிரியர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே குவிப்பார்கள், ஆசிரியரும் குவிப்பார். ஓவியாவின் கைகள் எப்போதும் தாமதமாகத்தான் எழும். மற்றவர்கள் முடித்த பிறகு, எதையோ யோசித்து முடித்தவள் போல, மெதுவாக. அதுவரைக்கும் எல்லாரும் காத்திருப்பார்கள். காத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சட்டம் போட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் கல்லூரியில் இதைப் பற்றியெல்லாம் நிறையப் படித்தவள். எல்லாரையும் உள்ளடக்கும் கல்வி என்று பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். நான் படித்த நூல்களின் வகுப்பறைகளில் உதவியாளர் ஒருவர் இருந்தார், தரையில் கம்பளம் இருந்தது. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் மூன்றாம் ஆண்டு ஏழாம் வாய்ப்பாட்டை முழங்கிக்கொண்டிருக்கும் வகுப்பறை எந்த நூலிலும் இல்லை. நீங்கள் வந்து வாசலில் நிற்பீர்கள். "உங்க புள்ளைங்கள ஏழாம் வாய்ப்பாட்டக் கொஞ்சம் ரகசியமாச் சொல்லச் சொல்லும்மா, யாரும் திருடிட்டுப் போயிடப் போறாங்க." என் பிள்ளைகளுக்கு அந்தக் கேலி பிடித்துவிட்டது. கிசுகிசுப்பாகச் சொல்லப் பழகினார்கள். எனக்குத்தான் உள்ளூர எரிச்சல். ஒரு பிள்ளைக்காக இரண்டு வகுப்பு மாற வேண்டுமா என்று நினைத்தேன். உங்களிடம் கேட்டதும் உண்டு.

"ஒரு புள்ளைக்காகத்தான் மாத்தினேன். மத்ததுங்களுக்கும் அது ஒத்துப்போச்சு, நான் என்ன செய்யட்டும்?" என்றீர்கள்.

ஓவியா திடீரென்று கதை படித்தாள், கவிதை சொன்னாள் என்றெல்லாம் எதுவும் நடக்கவில்லை. பிறரிடம் இதைச் சொல்லும்போது அப்படி ஏதாவது கேட்க ஆசைப்படுகிறார்கள். நடந்தது இவ்வளவுதான்: அவள் வகுப்புக்குள் இருந்தாள். அன்றைய பாடவேளைகளைப் படமாக வரைந்து வரிசையாகச் சுவரில் ஒட்டியிருந்தீர்கள். ஒன்று முடிந்ததும் அவளே போய் அந்தப் படத்தைத் திருப்பிவைத்தாள். சில எழுத்துகளை மணலில் எழுதினாள். ஒரு முறை என்னைப் பார்த்து "மழ" என்றாள். வெளியே உண்மையாகவே மழை. பக்கத்தில் உட்காரும் ஷர்மிளா அவளுக்கு வாயாக இருந்தாள். "டீச்சர், அவ கோவமா இல்ல. ஃபேன் டக்கு டக்குன்னு சத்தம் போடுது, அதான்." ஏணி வைத்துப் பார்த்தால் ஃபேனில் ஒரு திருகு கழன்றிருந்தது.

பிறகு பள்ளி வாரியத் தலைவர் வந்த நாள்.

பைகளை அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு கடைக்காரரை அவர் அழைத்து வந்திருந்தார். தலைமையாசிரியர் வகுப்பு வகுப்பாகக் காட்டிக்கொண்டு வந்தார். என் வகுப்பு எழுந்து முழங்கியது. தலைவர் முகம் மலர்ந்தது. அடுத்தது உங்கள் வகுப்பு. நானும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றேன். பிள்ளைகள் எழவில்லை. உட்கார்ந்தபடியே கைகளைக் குவித்தார்கள். அவ்வளவு அமைதியாக இருந்தது.

"என்ன டீச்சர், உங்க புள்ளைங்களுக்கு வாய் இல்லியா?" என்றார் தலைவர்.

"இருக்குங்கய்யா. கொஞ்ச நேரம் விட்டா பேசியே கொன்னுடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "பெரியவங்க வந்தா எந்திரிச்சி நிக்கணும்னுகூடச் சொல்லித்தரலியா?"

நீங்கள் தாழ்ந்த குரலில் ஓவியாவைப் பற்றிச் சொன்னீர்கள். "இன்னும் ஒரு வணக்கம் பாக்கி இருக்குங்கய்யா. கொஞ்சம் நில்லுங்க" என்றீர்கள். அவர் நிற்கவில்லை. கடைக்காரரின் தோளைத் தொட்டு வெளியே திருப்பினார். ஓவியாவின் கைகள் எழுந்தபோது வாசலில் அவருடைய முதுகு மட்டும்தான் இருந்தது.

கேண்டீனில் தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னதை நான் பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன். நீங்கள் அங்கே இல்லை. "நான் இதே ஸ்கூல்ல படிச்சவன் சார். எங்கப்பா தொர ஆபீஸ் முன்னால தலையத் தூக்காம நிப்பாரு, வாயத் தொறக்க மாட்டாரு. இங்கதான் எங்களுக்கு நிமுந்து நின்னு சத்தமா வணக்கம் சொல்லக் கத்துக்குடுத்தாங்க. அந்தச் சத்தத்தப் போயி எடுத்துட்டாங்களே." அவரை வெறுக்க எனக்கு எளிதாக இருந்திருக்கும். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு முடியவில்லை. திரும்பும் வழியில் காரில் உங்களிடம் சொன்னேன். "அவரு சொல்றதும் நெசந்தான்" என்றீர்கள்.

தலைமையாசிரியர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். வணக்கம் பழையபடி எழுந்து சொல்லட்டும். அந்த நேரத்துக்கு ஓவியா வெளியே நடைபாதையில் நிற்கட்டும், முடிந்ததும் உள்ளே வரட்டும். நீங்கள் ஒப்பவில்லை. "வெளிய நிறுத்தி வெச்சிட்டு உள்ள வான்னா, அதுக்குப் பேரு சேத்துக்கறதா சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டீர்கள். அவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நீங்கள் மூத்தவர்; உங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரியாமல் மேலே போன பிள்ளை அபூர்வம். கண்டும் காணாமலும் இருந்தார்.

அப்போதுதான் காரில் நான் கேட்டேன்: "ஆசிரியர் கூட்டத்துல வெச்சிப் பேசலாமே க்கா? ஒண்ணு ரெண்டு வகுப்புக்கு இதையே முறையா வெச்சிட்டா?"

"பேசினா, வேணுமா வேணாமான்னு கைய தூக்கச் சொல்வாங்க. வேணாம்னு முடிவாயிட்டா என் வகுப்புலகூடச் செய்ய முடியாது. பேசாம இருந்தா, நான் இருக்கற வரைக்கும் நடக்கும் லா."

அதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ நல்ல காரியங்கள் நம் பள்ளிகளில் அப்படித்தான் நடக்கின்றன, யாரும் கேட்காதவரைக்கும்.

நோய் தெரிந்ததும் நீங்கள் நீண்ட விடுப்பில் போனீர்கள். உங்கள் இடத்துக்கு ஒரு தற்காலிக ஆசிரியர் வந்தார், என்னைவிடவும் இளையவர், நல்ல பையன். அவர் வகுப்பை ஏற்பதற்கு முந்தைய வாரக் கடைசியில் பள்ளியில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. பெற்றோர்கள் வந்து நாற்காலிகளை வெளியே போட்டுத் தரையைக் கழுவினார்கள். பந்துகளில் தலைமுடியும் தூசியும் சுற்றியிருந்தன. அசிங்கமாக இருக்கிறதே என்று ஓர் அம்மா எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டினார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நான் அன்று மலாக்காவில் ஒரு பயிற்சியில் இருந்தேன்.

திங்கட்கிழமை காலை அவரிடம் போய் வணக்கத்தைப் பற்றிச் சொன்னேன். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். சார் நார்மலா நடத்துன்னுட்டாரு. எனக்குக் கொஞ்ச மாச காண்ட்ராக்ட்தான் லா" என்றார். தலைமையாசிரியரிடம் போனேன். "அவங்க வரட்டும்மா. வந்ததும் அவங்களே பாத்துக்குவாங்க" என்றார். அதை அவர் நம்பித்தான் சொன்னார். எல்லாருமே உங்களை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பாடவேளை மணி அடித்தது. பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் தரையைக் கீறின. பழைய குரல் எழுந்தது, கூரை அதிர. அதற்குள்ளிருந்து அவளுடைய அலறல். நான் ஓடி வெளியே வந்தபோது அவள் நடைபாதையைத் தாண்டிவிட்டாள். அடுத்துத் திடல். பிறகு கேட். அந்த நேரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்தச் சாலையில் வரிசையாகப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். கேண்டீன் அக்கா ரொட்டி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வண்டியை அப்படியே கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தார். லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். அந்த ஹார்ன் சத்தத்தில் அவள் இன்னும் அலறினாள்.

ஓவியாவின் அம்மா இரவு வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடே வந்தார். தலைமையாசிரியர் மென்மையாகத்தான் பேசினார். டாக்டரிடம் காட்டி மாற்றுத்திறனாளிக் கார்டு எடுத்தால் சிறப்பு வகுப்பு உள்ள பள்ளிக்கு மாற்றலாம், நம் பள்ளியில் அந்த வசதி இல்லை, பாதுகாப்பும் இல்லை என்றார். அந்த அம்மா முன்பெல்லாம் கார்டு வேண்டாம் என்று உங்களிடம் மன்றாடியவர். "பேரு ஒட்டிக்கும் டீச்சர். அப்புறம் உரிச்செடுக்க முடியாது" என்பாரே. அன்று எதுவும் மறுத்துப் பேசவில்லை. என்னைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டார்: "பெரிய டீச்சர் எப்ப வருவாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. அந்த வாரமே உங்களைப் பார்க்க வந்தேன். மருத்துவமனையில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு பள்ளியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். தலைவர் உங்கள் படத்துக்கு மாலை போட்டார். உள்ளடக்கக் கல்வியின் முன்னோடி என்று தலைமையாசிரியர் பேசினார். அறிவிப்புப் பலகையில் உங்கள் வகுப்பின் படங்களை ஒட்டினார்கள். ஒரு படத்தில் பந்து மாட்டிய நாற்காலிகள் தெளிவாகத் தெரிந்தன. கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் படங்களைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனார்கள். ஓவியா எங்கே என்று யாரும் கேட்கவில்லை. படத்தில் இருந்தாளே.

அக்கா, இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீங்கள் செய்த அத்தனையும் உங்கள் பிடிவாதத்தின் மேல் நின்றது. எதையும் நீங்கள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கே வேடிக்கை பார்க்க மட்டும்தான் தெரிந்தது. "நான் இருக்கற வரைக்கும்" என்று நீங்கள் சொன்னபோது, அது எவ்வளவு காலம் என்று நம் இருவருக்கும் தெரியாது. இப்படி எழுதிவிட்டுத் திரும்பிப் படித்தால் எனக்கே நியாயமாகப் படவில்லை. ஒரு பிள்ளை சில மாதங்களாவது வகுப்புக்குள் இருந்ததே, அது போதாதா என்று ஒரு மனம் கேட்கிறது. உள்ளே இருந்து பழகியவளுக்கு வெளியே போவது இன்னும் கொடுமையாக இருந்திருக்குமே என்று இன்னொரு மனம் கேட்கிறது. நான் நிறையப் படிப்பவள் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். படித்ததில் எங்கும் இதற்கு விடை கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு இரண்டாம் ஆண்டு வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பள்ளி திறந்ததும் நடந்த முதல் ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். காலைச் சபைக்கூடலில் எல்லாரும் சேர்ந்து முழங்கும் வணக்கம் அப்படியே இருக்கட்டும். தலைவர் சொன்னதை நான் மறக்கவில்லை. வகுப்புக்குள், முதல் மூன்று ஆண்டுகளுக்கு, உட்கார்ந்தபடி கைகுவித்தால் போதும். இது ஓர் ஆசிரியரின் விருப்பமாக இல்லாமல் பள்ளியின் விதியாக இருக்கட்டும் என்றேன். பெரிய வாக்குவாதம் வரும் என்று இரவெல்லாம் பதில்களைத் தயார் செய்திருந்தேன். தலைமையாசிரியர் அங்கேயே தலைவருக்கு போன் போட்டார். "அந்த டீச்சர் நெனவா செஞ்சிக்குங்க சார்" என்று மறுமுனையில் தலைவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கைகள் உயர்ந்தன. தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றே கேட்டிருந்தாலும் இவ்வளவு எளிதாகக் கிடைத்திருக்குமா? அல்லது உங்கள் சாவுதான் அவர்களை இளக்கியதா? இரண்டில் எது உண்மையானாலும் எனக்கு ஆறுதல் இல்லை. வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் என்னோடு நுழைகிறது. பிள்ளைகள் கைகுவிக்கிறார்கள். நான் பதிலுக்குக் குவித்துவிட்டு, கடைசிக் கை எழும்வரை நிற்கிறேன். இந்த ஆண்டு அப்படித் தாமதிக்கும் பிள்ளை யாரும் இல்லை, ஆனாலும் நிற்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஓவியாவின் வீட்டுக்குப் போய் விதி மாறியதைச் சொன்னேன். அவளுடைய அம்மா எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். முழுவதையும் கேட்டுக்கொண்டார். "இப்பதான் டீச்சர் ராத்திரில தூங்க ஆரம்பிச்சிருக்கா. மறுபடியும் மாத்த எனக்குத் தைரியம் இல்ல" என்றார். ஓவியா உள்ளறையிலிருந்து வந்து என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

கார்டு எடுத்துவிட்டார்கள். தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு மலாய்ப் பள்ளியின் சிறப்பு வகுப்பில் அவள் படிக்கிறாள். அங்கே தமிழ் இல்லை.